பதினாறாம் அத்தியாயத்தில் பதினோரு வாரம்

குடியிருப்பு வாசகர் வட்டத்தில், "நானாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன்" என்று ஒரு கதைமாந்தரைக் குறித்து யார் சொன்னாலும், சொன்னவர் அந்த நொடியே நாவலுக்குள் அம்மாந்தரின் இடத்துக்குப் போய்விடுவார். அம்மாந்தர் வெளியே வந்து இவருடைய நாற்காலியில் அமர்வார். அவருக்கும் காபி உண்டு. நாவலைப் படித்து முடித்ததும் இருவரும் அவரவர் இடம் திரும்புவர். இறந்துபோகும் மாந்தராக இருந்தால் மட்டும் போனவர் திரும்புவதில்லை.

தில்லைநாயகியின் கணவர் பொன்னம்பலம் இப்படித்தான் போனார். அது உப்பால் கட்டிய கோட்டையின் கதை. ஏழாம் வாயிற்காவலன் மழைக்குக் கதவைத் திறந்துவிட, கோட்டையில் பாதி கரைந்துபோகிறது. அடுத்தவர் செய்கையில் குறை காணாமல் ஒரு வேளை உணவுகூட உண்டறியாத பொன்னம்பலம், முந்திக்கொண்டு கையை உயர்த்தினார்.

"நானா இருந்தா திறந்திருக்கவே மாட்டேன்."

போனார். மழை மரியாதையாகப் பெயர் சொல்லி அழைத்தபோது அவரும் திறந்துவிட்டார். பதினாறாம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில், மூக்குக்கண்ணாடி அணிந்த காவலனைக் கயிற்றால் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். பதினேழில் மன்னன் கையை உயர்த்த, காவலனின் தலை வெட்டப்படும். நாவலைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருந்ததால் இது எல்லோருக்கும் தெரியும்.

வட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. ஓர் அத்தியாயத்தைப் பற்றி எவருக்கேனும் சொல்ல ஏதேனும் மிச்சமிருக்கும்வரை, அடுத்ததைத் திறக்கக் கூடாது. தில்லைநாயகி பதினோரு ஞாயிறுகளாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் ஞாயிறு அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து மின்விசிறியைக் குறைத்தார். மறுபடி எழுந்து கூட்டினார். குறிப்பேட்டில் அடிக்கப்படாத வரி ஒன்றுகூட இல்லை.

"டீச்சர், இன்னிக்காவது பக்கத்தைத் திருப்பலாமா?" என்றார் செயலாளர் ஆரோக்கியசாமி.

"அந்தக் கோட்டை நாய் ஏன் குரைக்கலை சார்? அதை யோசிச்சீங்களா?"

"நாயைப் பத்தி ஆவணியிலேயே பேசியாச்சு தில்லை," என்றார் ரஹமத்துன்னிசா. "வாலைப் பத்தித் தனியா ஒரு வாரம் பேசினே."

"கயிற்றோட முடிச்சு..."

"அதுவும் ஆச்சு."

பொன்னம்பலத்தின் நாற்காலியிலிருந்த காவலன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா, நிதானமாப் பேசுங்க," என்றான்.

தில்லைநாயகி குறிப்பேட்டின் பின்னட்டையைக்கூடப் புரட்டிப் பார்த்தார். ஆரோக்கியசாமி விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தார். அத்தியாயம் பதினேழு என்று வாசித்தும்விட்டார்.

"அந்த மன்னன் இருக்கானே," என்றார் தில்லைநாயகி வேகமாக, "நானா இருந்தா அப்படித் தண்டிச்சிருக்க மாட்டேன்."

மன்னன் வந்து அவருடைய நாற்காலியில் அமர்ந்து, காபியில் சர்க்கரை குறைவு என்றான்.

உப்புச் சிம்மாசனம் ஈரமாக இருந்தது. எதிரே நாலாயிரம் வீரர்கள் நின்றனர். அவர்களுக்கு முன்னால் கட்டுண்ட கைகளோடு பொன்னம்பலம். தில்லைநாயகியின் வலக்கை தானாக உயரப் பார்த்தது. அவர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அவரை அவிழ்த்து விடுங்க."

அவிழ்த்தார்கள். பொன்னம்பலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"என்ன நாயகி இது? பாதிக் கோட்டையைக் கரைச்சவனை இப்படியா விடுறது? நானா இருந்தா மன்னிச்சிருக்கவே மாட்டேன்."

வட்டத்தின் விதி உள்ளேயும் செல்லும். இப்போது சிம்மாசனத்தில் பொன்னம்பலம் இருந்தார். கீழே, காவலனின் இடத்தில் தில்லைநாயகி நின்றார். அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினார்கள். மேலே பொன்னம்பலத்தின் வலக்கை மெல்ல உயர்ந்தது. அவர் அதை வியப்பின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்மேல் உட்கார அவருக்குத் தோன்றவில்லை.

"ஒரு நிமிஷம்," என்றார் தில்லைநாயகி. "பதினாறாம் அத்தியாயத்தைப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணு சொல்லணும். இத்தனை வாரம் பேசினோம், மழையோட பக்கத்து நியாயத்தை யாருமே கேக்கலை."

கை பாதியில் நின்றது. தலை வெட்ட நின்றவன் கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்து வந்தான். நாலாயிரம் வீரர்களும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டனர். கூடுதலாக ஒன்றையும் போட்டனர்.

கதவு தட்டப்பட்டது. மழை உள்ளே வந்து, மிதியடியில் கால்களைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்திட்டு அமர்ந்தது.