உள்ளே விட்ட துணி

“கல்யாணப் பேச்சே இன்னும் முடியல. அதுக்குள்ள எனக்குக் காலேஜ் முடிவு பண்ண அவங்க யாருப்பா?”

“சத்தத்தைக் குறை. ஜன்னல் திறந்திருக்கு.”

ஜன்னல் திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டு நர்ஸம்மா காய்ந்த துணியையே மூன்றாம் முறையாக மடித்துக்கொண்டிருந்தார். பிறர் வீட்டுச் சண்டையைக் கேட்பது பாவமென்றால், அந்தத் தெருவில் யாருக்கும் மோட்சம் கிடையாது.

கோட்டு டெய்லர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். கோர்ட்டில் திரியும் கறுப்புக் கோட்டுகளில் பாதி அவர் கைபட்டவை. டிகிரி முடித்த அவருடைய ஒரே மகளுக்கு இரண்டு சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. மற்றது ரயிலில் ஒரு நாள் தூரம். நூறு பேர் தேர்வு எழுதினால் இரண்டு பேரை உள்ளே விடுகிற இடம். மகளுக்கு அதுதான் வேண்டும். அப்பாவின் கையெழுத்து மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. இரண்டு கடிதங்களும் வெட்டு மேசையில், கத்தரிக்கோலுக்கு அடியில் கிடந்தன.

குட்டையைக் குழப்பியவர் தரகர். பெண் பார்த்துவிட்டுப் போன இளம் வக்கீலின் அம்மா, காலையில் அவரிடம் சேதி சொல்லி அனுப்பியிருந்தார். பெண் தாராளமாகப் படிக்கலாம், தாங்கள் ஒன்றும் பழைய காலத்து மனிதர்கள் இல்லை. ஆனால் தங்கள் பையன் படித்த பக்கத்துக் கல்லூரி போதும். பெண் ஒரு படி கீழே இருந்தால்தான் குடும்பத்துக்கு அழகு. இரண்டாவது டீ உள்ளே போனதும் தரகருக்கு நாக்கு தளர்ந்தது. மாப்பிள்ளை அந்தத் தூரத்துக் கல்லூரிக்கு இரண்டு தடவை முட்டிப் பார்த்துத் திரும்பியவராம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? அடுத்த அறையில் மகள் கேட்டுவிட்டாள்.

டெய்லருக்கு இருதலைக் கொள்ளி. மகள் ஆசைப்பட்டது தெரியும். வக்கீல் மாப்பிள்ளை கைநழுவினால் இன்னொருவர் வாசலுக்கு வருவாரா என்ற பயமும் உண்டு. பேனாவைத் திறந்து பக்கத்துக் கல்லூரிக் கடிதத்தை இழுத்தார்.

மூலையில் கறுப்புக் கோட்டு ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவர் வெட்டுக்கு ஒரு வார்த்தை குறுக்கே சொல்லாதவள்.

“இது மாப்பிள்ளை கோட்டுதானே? உள்ளே ரெண்டு விரக்கடை துணி விட்டிருக்கீங்களே, எதுக்கு?”

“இள வயசு. உடம்பு போடும். நாளைக்குப் பிரிச்சு விட வேண்டாமா?”

“அப்ப நம்ம பொண்ணுக்கு மட்டும் ஏங்க ஒட்ட வெட்டுறீங்க?”

நர்ஸம்மாவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

சந்தேகம் வந்தால் துணியில் கை வைக்கக் கூடாது என்பது டெய்லரின் தொழில் பாடம். பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். பிறகு மற்றக் கடிதத்தை உருவி, கையெழுத்துப் போட்டு, கழுத்தில் டேப்போடு ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார். ஸ்கேன் செய்து அனுப்பி முடித்தபோது மணி நாலே முக்கால்.

மறுநாளே தரகர் வந்தார். பெண் கொஞ்சம் உயரமாம், அதனால் சரிப்படாதாம். பெண், மாப்பிள்ளை இரண்டு பேரின் அளவும் டெய்லரின் நோட்டில் இருந்தது. மகள் மூன்று அங்குலம் குட்டை. கோட்டை மட்டும் சொன்ன தேதிக்குக் கொடுத்தனுப்பினார்.

மகள் அந்தத் தூரத்து ஊரிலேயே படித்து, அங்கேயே வக்கீலாகி, தன்னுடன் வேலை பார்த்தவரை மணந்துகொண்டாள். யார் யாருக்கு எத்தனை படி என்று நர்ஸம்மா எவ்வளவோ துருவிப் பார்த்தும் துப்புக் கிடைக்கவில்லை. இளம் வக்கீலுக்கு, பள்ளிப் படிப்போடு நின்ற ஒரு பெண்ணை அந்த வருஷமே முடித்தார்கள். ஒரு படி கேட்ட இடத்தில் நாலு படி. மாமியாருக்குப் பரம திருப்தி. கோட்டைப் பிரித்துவிட இன்றுவரை யாரும் கொண்டுவரவில்லை.

போன மாதம் அந்த மருமகள் கடைக்கு வந்தாள். இரண்டு குழந்தைகளுக்கு நடுவே தபாலில் டிகிரி வாங்கி, பக்கத்துச் சட்டக் கல்லூரியையும் முடித்துவிட்டாளாம். அவளுக்கொரு கறுப்புக் கோட்டு வேண்டும். டெய்லர் மனைவி அளவெடுத்தாள். டெய்லர் சாக்கட்டியை எடுத்துத் துணியில் கோடு போட்டார்.

உள்ளே மூன்று விரற்கடை விட்டார்.