யானைக்குட்டிப் பாடம்

சௌந்தரியிடம் மூன்று வேதாகமம் இருந்தது. சர்ச்சில் மனப்பாட வசனப் போட்டி எப்போது வைத்தாலும் முதல் பரிசு அவளுக்குத்தான். ஆனால் பரிசாக வந்த மூன்றில் எதைத் திறந்தாலும் அவளால் ஒரு வரி படிக்க முடியாது. அவளுடைய அப்பா வில்பிரட்டுக்கு அதுதான் கவலை. பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. ஏழாம் வகுப்பில் ஒரு தடவை பெயில்.

"இன்னொரு தடவை பெயிலானா டி.சி. வாங்கிக்கற மாதிரி ஆயிடும் சார்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷிதான். தாம்பரத்து வெயிலில் கேட் வரைக்கும் கூடவே வந்து இன்னொன்றும் சொன்னார்.

"பல்லாவரத்துல ஒரு லேடி டாக்டர் இந்த மாதிரி பசங்களை டெஸ்ட் பண்றாங்களாம். இவளுக்குப் புத்தி இருக்கு, எழுத்துதான் வரலன்னு அவங்க எழுதிக் குடுக்கட்டும். கேள்வியை நாங்க படிச்சுக் காட்டறோம். இவ வாயால பதில் சொல்லட்டும், ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி எழுதட்டும். லெட்டர் இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினார்கள். சந்தைக் கூட்டம். கோழிக்கூடைக்கும் பூட்டு ரிப்பேர்க்காரர் பெட்டிக்கும் நடுவில் எப்படியோ இடம் பிடித்து உட்கார்ந்ததும், அம்மா ரத்தினபாய் மகளின் பின்னலை இழுத்துச் சரிசெய்தாள்.

"எங்க, ஆரம்பி பாக்கலாம்."

"ஒரு காட்டில் ஒரு யானைக்குட்டி இருந்தது. அதற்குக் குளிப்பது என்றாலே பயம்..." சௌந்தரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கடகடவென்று ஒப்பித்தாள்.

"என்ன இது?" என்றார் வில்பிரட்.

"மூணாங்கிளாஸ் தமிழ் பாடங்க. பக்கத்து வீட்டுத் தனக்கோடி அக்கா பையனை இதே டாக்டர்கிட்டதான் காட்டினாங்க. இதைத்தான் படிக்கச் சொன்னாங்களாம். டெஸ்ட்டுக்குப் போறோம், வெறுங்கையை வீசிக்கிட்டா போறது?"

வில்பிரட்டுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எந்தப் பரீட்சைக்கும் தயார் செய்யாமல் போகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

டாக்டர் அபிதகுஜாம்பாள் கட்டையான, கலகலப்பான அம்மாள். சௌந்தரியின் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பிறகு ஒரு பழைய புத்தகத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். பக்கத்தில் யானைப் படம். ரத்தினபாய் வில்பிரட்டின் முழங்கையில் ஒரு இடி இடித்தாள்.

சௌந்தரி படித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வி வருகிற இடத்தில் குரலை உயர்த்தி, யானைக்குட்டி அழுகிற இடத்தில் தானும் கொஞ்சம் அழுது. டாக்டர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் படபடவென்று புரண்டன. யானை போய், நெல் வயலும் ஏரும் வந்தன. சௌந்தரி அந்த வயலைப் பார்த்துக்கொண்டே யானைக்குட்டியைக் குளத்தில் இறக்கினாள். அதைப் பார்த்தவர் வில்பிரட் மட்டும்தான்.

"பிரமாதம்!" டாக்டர் பேனாவை மூடினார். "நல்லா படிக்கிறாளேம்மா. இதுக்கா பயந்தீங்க? என் லெட்டரெல்லாம் தேவையே இல்ல. கூட்டிட்டுப் போங்க."

ரத்தினபாயின் முகத்தில் சிரிப்பு வந்த வேகத்திலேயே அணைந்தது. லெட்டர் இல்லை. அப்படியென்றால் பள்ளிக்கூடமும் இல்லை. சௌந்தரியோ ஜெயித்த சந்தோஷத்தில் அப்பாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். அந்தச் சிரிப்பை எப்படிக் கெடுப்பது? வில்பிரட் ஒரு தடவை செருமினார்.

"டாக்டர்... அவ படிக்கல. நாங்கதான் வீட்ல சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தோம்."

"அப்பா!" என்றாள் சௌந்தரி. கண் நிறைந்துவிட்டது.

"அவளைத் திட்டாதீங்க டாக்டர்" என்று ரத்தினபாய் முந்திக்கொண்டாள். "தப்பு என்னுது. எம்பொண்ணு டெஸ்ட்ல பாஸாகணுமேன்னு..."

"இதுல பாஸும் இல்ல பெயிலும் இல்லம்மா. இவளுக்கு எது கஷ்டம்னு பாக்கத்தானே நான் உக்காந்திருக்கேன்?" டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சௌந்தரியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இவ்ளோ பெரிய பாடம். எத்தனை நாள் உருப்போட்ட கண்ணு?"

"உருப்போடல. அம்மா ரெண்டு தடவை படிச்சாங்க. போதும்."

டாக்டரின் சிரிப்பு நின்றது. மூடிய பேனாவை மறுபடி திறந்தார். அவள் பார்த்தேயிராத வேறொரு பக்கத்தை எடுத்து வைத்தார். "இதுல என்ன தெரியுது? படிக்க வேணாம், சொல்லு."

சௌந்தரி வெகுநேரம் பார்த்தாள். "காலையில ட்ரெயின்ல ஏறுவாங்களே, அந்த மாதிரி. எல்லா எழுத்தும் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு வருது. எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியல."

வில்பிரட்டும் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக 'நல்லாப் பாருடி, நல்லாப் பாருடி' என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். என்ன தெரிகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு டாக்டர் ஒரு கதை சொல்லி அதில் கேள்வி கேட்டார், வாய்க்கணக்குப் போடச் சொன்னார். பட் பட்டென்று பதில் வந்தது. லெட்டரும் வந்தது.

திரும்பி வரும்போது சௌந்தரி அப்பாவோடு பேசவில்லை. குரோம்பேட்டை தாண்டியதும் தூக்கம் வந்து அவர் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். ரத்தினபாய் எதிர் சீட்டிலிருந்து, "நாளையிலேர்ந்து சோஷியல் ஸ்டடீஸை நான் படிச்சுக் காட்டறேன், சயின்ஸ் உங்களுது" என்றாள். அப்படியே நடந்தது. அடுப்படியில் அசோகர் மரம் நட்டார், கொல்லையில் வில்பிரட் துணி உலர்த்திக்கொண்டே நீராவியைப் பற்றிப் படித்தார்.

முழுப்பரீட்சையின் முதல் நாள் இரண்டு பேரும் பள்ளிக்கூட கேட்டில் காத்திருந்தார்கள். சௌந்தரி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தாள். ரத்தினபாய் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"என்னடி, பதில் தெரியலையா?"

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுதும்மா. எழுத வந்தாளே, அவதான் சரியான ஸ்லோ. ஒரு வரியை மூணு தடவை சொல்லச் சொல்றா." சௌந்தரி அப்பா பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "பாவம்ப்பா. அவளையும் ஒரு தடவை நம்ம டாக்டர்கிட்ட காட்டலாமா?"