மூன்றாவது சுற்றில் அலமாரி சாயும்

விளையாட்டுப் பக்க நிருபருக்கு அந்த வாரம் சோறே இறங்கவில்லை. அப்படி அவர்தான் சொல்லிக்கொண்டார். தட்டு அப்படிச் சொல்லவில்லை.

காரணம், ஹெவிவெயிட் குத்துச்சண்டை மறுபோட்டி. ஆறு மாதத்துக்கு முன்பு நடந்த முதல் போட்டியில், அலமாரி என்று ஊரே அழைக்கும் சாம்பியன் ஐந்தே நிமிடத்தில் ஜெயித்துவிடுவார் என்று எழுதியிருந்தார். அலமாரியோ எட்டாவது சுற்றில், தபால்காரர் என்று பெயரெடுத்த எதிராளியிடம் குத்து வாங்கி, பட்டத்தையும் ஒரு பல்லையும் இழந்தார். தபால்காரர் நிஜமாகவே பத்து வருடம் வீடுவீடாகக் கடிதம் கொடுத்தவர். வாசகர் ஒருவர் நிருபருக்கு ஒரு கண் மருத்துவரின் முகவரியை மட்டும் எழுதி அனுப்பினார்.

"இந்தத் தடவையும் கவுத்தீங்கன்னா வானிலைப் பக்கத்துக்குப் போயிடுங்க," என்றார் ஆசிரியர். "அங்க தப்பா எழுதினா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு வீரர்களுக்குமே போட்டிக் கால்சட்டை தைப்பவர் நிருபரின் மனைவிதான். வீட்டு முன்னறைதான் கடை. யார் ஒழுங்காகப் பயிற்சி செய்தார், யார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது அவருடைய அளவு நாடாவுக்குத் தெரியும்.

"ஒரே ஒரு வார்த்தை. அலமாரி இளைச்சிருக்காரா, பெருத்திருக்காரா?"

"காலைத் தள்ளி வைங்க. துணிய மிதிக்கிறீங்க."

"கட்டின புருஷன்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான், ஒலிபெருக்கி கட்டிச் சொல்றதும் ஒண்ணுதான்."

மறுநாள் மனைவி பொத்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் நிருபர் மேசை இழுப்பறையைத் திறந்து அளவு நோட்டை எடுத்தார். முதல் போட்டிக்கான பக்கத்தில் 'அலமாரி, இடுப்பு 41' என்று முழுசாக இருந்தது. இந்த முறை மனைவி உஷாராக முதல் எழுத்தை மட்டும் எழுதியிருந்தார். 'த, இடுப்பு 38'. அடுத்த பக்கத்தில், 'அ, இடுப்பு 46'.

அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்ட நிருபருக்குப் பொறுமை இல்லை.

வியாழக்கிழமை பேப்பரில் 'மூன்றாவது சுற்றில் அலமாரி சாயும்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. 'அலமாரியின் இடுப்பு இப்போது நாற்பத்தாறு அங்குலம். இப்படி ஓர் இடுப்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மாடிப்படி ஏறுவதே சாதனை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை போலும்.'

பத்து மணிக்கு அலமாரி கடைக்கு வந்தார். வாசல் நிலைக்குத் தலையைக் குனிந்து, பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வர முடிந்தது. கையில் பேப்பர்.

"அக்கா, உங்கள நம்பித்தானே நான் கையத் தூக்கிட்டு நின்னேன்," என்றார்.

மனைவி பேப்பரை வாங்கி இரண்டு முறை படித்தார். "உனக்கு நாப்பதரை. போன தடவைய விட அரை அங்குலம் கம்மி." நோட்டை எடுத்து, நிருபர் புரட்டாத பக்கத்தைக் காட்டினார். 'அல, இடுப்பு 40½'.

"அப்ப முன் பக்கத்துல நாப்பத்தாறுன்னு இருக்கற இந்த 'அ' யாரு?" என்றார் அலமாரி.

"'அவரு'," என்றார் மனைவி. உள்ளறைப் பக்கம் திரும்பி, "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

நிருபர் வந்தார். மனைவி நாடாவை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டார். நிருபர் மூச்சை உள்ளே இழுத்தார்.

"விடுங்க."

விட்டார்.

"நாப்பத்தாறேகால். போன வாரம் நீங்க நாற்காலியில தூங்கிட்டிருந்தப்ப எடுத்தேன். முழிச்சிருந்தா உண்மையான அளவு கிடைக்காதே. பழைய பேன்ட்டெல்லாம் பொத்தான் தெறிச்சுப் போச்சேன்னு புதுசு தைக்க நெனச்சேன்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நிருபருக்கு வயிறும் தெரியவில்லை. அலமாரி பேப்பரைப் பார்த்தார், நிருபரைப் பார்த்தார், வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"மாமா, மாடிப்படி ஏறினா நெஜமாவே மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்," என்றார் நிருபர்.

மனைவி சிரிக்கவில்லை. "பதினேழு வருஷமா ஒருத்தர் அளவு இன்னொருத்தர் காதுக்குப் போனதில்ல. நாளைக்கே மறுப்பு வரணும்."

"அளவு தப்புன்னு போட்டாப் போதும், அக்கா," என்றார் அலமாரி. "அது யாருதுன்னு போட வேணாம். பாவம்."

அந்த 'பாவம்' நிருபரை உருக்கிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி மறுப்பை வெளியிட வைத்தார். ஆசிரியர் அதைக் காணாமல்போன நாய் விளம்பரத்துக்குக் கீழே போட்டார். ஆனால் கணிப்பை மாற்ற மட்டும் ஒப்பவில்லை. "சொன்னது சொன்னதுதான்."

சனிக்கிழமை மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. தன் கணிப்பு பொய்க்க வேண்டும் என்று நிருபர் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. முதல் இரண்டு சுற்றும் அலமாரியின் கைதான் ஓங்கியிருந்தது. மூன்றாவது சுற்றின் கடைசி நிமிடத்தில் தபால்காரரின் இடக்கை எங்கிருந்தோ வந்து தாடையில் இறங்கியது. அலமாரி மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"எழுந்திரு, தம்பி," என்று நிருபர் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார். பக்கத்துப் பத்திரிகைக்காரர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நடுவர் பத்து எண்ணி முடித்தார்.

ஆசிரியர் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். "சுத்து முதக்கொண்டு சொல்லிட்டீங்களே. எப்படிய்யா தெரிஞ்சுது?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எப்படிச் சொல்வது? "அனுபவம்," என்றார் நிருபர், தரையைப் பார்த்தபடி.

உடை மாற்றும் அறையில் அலமாரி கண்ணில் பனிக்கட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நிருபர் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"வாங்க மாமா. என்ன வாய் முகூர்த்தமோ உங்களுக்கு," என்றார் அலமாரி. "அடுத்த தடவை நான் ஜெயிப்பேன்னு எழுதித் தொலைங்க."

நிருபரோடு வந்திருந்த மனைவி இரண்டு பேரின் பேச்சையும் கவனிக்கவில்லை. அலமாரியை எழுந்து நிற்கச் சொல்லி, முன்னும் பின்னும் திருப்பி, கால்சட்டையின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"நூத்திப்பத்து கிலோ அப்படியே விழுந்திருக்கு," என்றார் கடைசியில். "ஒரு தையல் பிரியல."