வரவேற்புக்கு வெட்டிய தோட்டம்

அன்று காலை திவ்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நகரத் திட்ட அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். ஊருக்குச் சாலை போடுகிறோம், கடைக்கு இடம் விடுகிறோம், கத்தரிக்காய்க்கும் நாலு மூலையில் இடம் விட்டால் மதுரை என்ன தேய்ந்தா போய்விடும்? கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விடாமல் பாடினாள்.

திருநகரைத் தாண்டி வைரவன் நகரில், பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று கருவேலம் மண்டிக் கிடந்தது. அங்கே குடியிருப்பவர்களே அதை வெட்டித் திருத்தி வெண்டை, கத்தரி, கீரை, வாழை என்று போட்டிருந்தார்கள். நகரத்தின் புதிய வரைபடத்தில் அந்த இடத்துக்கு நேரே 'நகர விவசாயம்' என்று எழுதவைத்துவிட வேண்டும். முதல்முறையாக ஓர் இடம் நுழைந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்பது அவள் கணக்கு.

மேலதிகாரி கனகலட்சுமி வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "நாளைக்கு நேர்ல வாரேன். விளைஞ்சு நிக்கிறதைக் கண்ணால பார்த்தா எழுதுறேன். இல்லேன்னா அது வண்டி நிறுத்துற இடம்தான். மறுநாளே வரைபடம் அச்சுக்குப் போகுது, ஞாபகம் வச்சுக்க" என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்.

திவ்யா உடனே பால்பாண்டிக்குப் போன் போட்டாள். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், தோட்டக்காரர்களுக்கெல்லாம் தலைவர். "அண்ணே, பெரிய மேடம் வாராங்க. தோட்டம் ஜம்முன்னு இருக்கணும்!"

"நீ கவலையை விடும்மா. ஜமாய்ச்சுப்புடுவோம்!"

ஜமாய்த்துத்தான் இருந்தார்கள். ஜீப் போய் நின்றதும் மேளம் முழங்கியது. வாசலின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. ஒன்று குலை தள்ளிய மரம். ஜோடிக்கு இன்னொன்று கிடைக்கவில்லை போலிருக்கிறது, மற்றது பூகூட விடாத இளசு. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பச்சைமிளகாயும் கோத்த ஆளுயர மாலை ஒன்று கனகலட்சுமியின் கழுத்தில் விழுந்தது. அதன் கனத்தில் அவர் அரை அடி குனிந்துவிட்டார். திவ்யாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தாள். தோட்டத்தைக் காணோம். பாத்திகள் மொட்டையாகக் கிடந்தன. வெண்டையில் பிஞ்சுகூட இல்லை. கீரை நின்ற இடத்தில் ஈர மண்தான் இருந்தது.

"அண்ணே, எல்லாம் எங்கண்ணே?"

"எல்லாம் மேடத்துக்குத்தாம்மா!" பால்பாண்டி பூரித்தார். "எம்புட்டுப் பெரிய மனுசி வாராக, வெறுங்கையோடயா அனுப்புறது? டிரைவருக்கும் ஒரு பை கட்டி வச்சிருக்கு."

பக்கத்தில் நின்ற முத்துத்தாய், "கீரையை வேரோடயே புடுங்கிட்டேன். வாடாம வீடு போய்ச் சேரணும்ல?" என்றாள்.

நல்ல மனசுக்காரர்களிடம் கோபப்படுவதைப்போலக் கஷ்டம் வேறில்லை. திவ்யா பல்லைக் கடித்துக்கொண்டாள். விருந்தாளி வந்தால் வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்து வைக்கிற ஊரில், ஜம்மென்று இருக்க வேண்டும் என்று சொன்னவள் அவள்தானே.

கனகலட்சுமி மாலையைக் கழற்றவில்லை. சுற்றிலும் பார்த்தார். "காயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மார்க்கெட்ல வாங்கிட்டு வந்ததுன்னு யாராச்சும் சொன்னா நான் என்னம்மா பதில் சொல்ல?"

நியாயமான கேள்விதான். திவ்யா பதிலைத் தேடி நாலு பக்கமும் பார்த்தாள். மூலையில் வெட்டுப்பட்டு நின்ற வாழைக் கட்டைகள் இரண்டு அப்போதுதான் அவள் கண்ணில் பட்டன.

"அண்ணே, வாசல்ல கட்டுன மரத்தை அவுத்துக் கொண்டாங்க! வெட்டுன எடத்துலயே வச்சுக் காட்டுவோம்!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். குலை மரத்தை அதன் கட்டைமேல் வைத்ததும் அரிவாள் பட்ட சாய்வுகூட மாறாமல் அச்சாகப் பொருந்தியது. கனகலட்சுமியின் புருவம் உயர்ந்தது. இளமரத்தை வைத்தார்கள். உட்காரவில்லை. திருப்பி வைத்தார்கள். ஆடியது.

"இது வேற எடத்துல வெட்டுன மரமா?" என்றார் கனகலட்சுமி.

"சத்தியமா இங்க வெட்டுனதுதாம்மா!" பால்பாண்டி பதறினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று திவ்யா மண்டியிட்டுக் கட்டையைப் பார்த்தாள். அப்படியே கத்தினாள்.

"மேடம், இங்க பாருங்க! குருத்து!"

வெட்டிய கட்டையின் நடுவிலிருந்து, மழமழவென்று வெளிர்பச்சையில், ஒரு விரல் அகலத்துக்குக் குருத்து மேலே வந்திருந்தது. மரத்தை உட்காரவிடாமல் தள்ளியது அதுதான்.

"எப்ப வெட்டுனீங்க?"

"விடியக்காலைலம்மா."

கனகலட்சுமி குனிந்தார். வெண்டைக்காயெல்லாம் மண்ணில் உரச, அந்தக் குருத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அலுவலகத்தில் ஒருத்தரும் கண்டிராத சிரிப்பு அது.

"காலைல நாம டீ குடிச்சு வண்டி ஏறி இங்க வர்றதுக்குள்ள இம்புட்டு வளர்ந்திருக்கு. இதுக்கு மேல எனக்கு என்ன விளைச்சல் காட்டணும்?"

ஜீப்பின்மேல் வரைபடத்தை விரித்து, அந்தக் கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் நின்றார். "திவ்யா, இது ஒண்ணு மட்டும் தனியா நின்னா நல்லாவா இருக்கும்? ஊருக்குள்ள சும்மா கெடக்குற பூங்கா எடம் பூராத்தையும் சேர்த்துரு. உழுகத் தெரிஞ்ச ஆளுகதான் தெருவுக்குத் தெரு இருக்காங்களே."

திவ்யாவுக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. ஒன்று கேட்டாள், ஊரே கிடைத்துவிட்டது. முத்துத்தாய் அவளைக் கட்டிப்பிடித்தாள், பால்பாண்டி மேளக்காரரை அதட்டி வாசிக்கச் சொன்னார். இவ்வளவு நல்லது நடந்தால் கண் பட்டுவிடாதா? வேலியோரம் இலைக்கடியில், எல்லார் கண்ணுக்கும் தப்பி ஒரே ஒரு பூசணிக்காய் கிடந்தது.

"பால்பாண்டி அண்ணே, அதைச் சீக்கிரம் அறுங்க! தோட்டத்துக்குத் திருஷ்டி சுத்தணும்!" என்று திவ்யாதான் முதலில் ஓடினாள்.