எண்பது சென்டிமீட்டர்

அவள் பேச வாயைத் திறந்ததும் அவன் கண்ணாடியைக் கழற்றி ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு, இரண்டு முழங்கைகளையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டு, "ம், சொல்லு" என்று அவள் முகத்தையே பார்த்தான். கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்கு அப்புறமும் ஒரு புருஷன் இப்படிப் பார்த்தால் வேறு எவளுக்கும் உச்சி குளிர்ந்து போயிருக்கும். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழற்றி வைத்தது சாதாரணக் கண்ணாடி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் அவனுடைய இரண்டு காதுகளையும் ஒரேயடியாக வாங்கிக்கொண்டு போயிற்று. அவள் வேலை பார்ப்பதோ, தலையில் மாட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர்களுக்குக் கண்ணாடி வடிவமைக்கும் இடத்தில். எதிரே இருப்பவர் பேசப் பேச, அந்தப் பேச்சு எழுத்தாகக் கண்முன் மிதக்கிற மாதிரி ஒன்று செய்யலாமா என்று ஆபீஸ் தலைவியின் மேஜைமுன் போய் நின்று அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. வலது காதோரத் தண்டில் நகத்தளவு ஒரு திரை, அதன் முன்னால் ஒரு குட்டி லென்ஸ், கண்ணுக்கு நேரே பாதி வெளிச்சத்தை உள்ளே விட்டு மீதிப் பாதியைத் திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடிச் சில்லு. உலகமும் தெரியும், உலகத்தின்மேல் எழுத்தும் தெரியும். இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அதன் வரைபடம் வார்ப்பு அச்சு செய்கிறவர்களுக்குப் போகிறது. போய்விட்டால் அப்புறம் மயிரிழைகூட மாற்ற முடியாது.

யாருக்காகச் செய்தாளோ அந்த ஆள், அவள் வாய் திறக்கும்போதெல்லாம் அதைக் கழற்றுகிறான். மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்த வெள்ளிக்கிழமையிலிருந்து இது பதினோராவது தடவை.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடேன்" என்றாள், அவன் உதட்டசைவைப் படிக்கத் தோதாக உதடுகளை நன்றாக விரித்து.

"யார் சொன்னா பிடிக்கலைன்னு? ஸ்டேஷன்ல மைக்ல சொல்றதெல்லாம் பளிச்சுனு வருது."

"அப்ப நான் பேசினா மட்டும் ஏன் கழட்டறே?"

துணி பத்தாது என்று வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கும் முகம் அவனுக்கு வந்தது. கீழ்த்தளத்தில் தையல்கடை வைத்திருக்கிறவன். அந்த முகம் அவளுக்கு அத்துப்படி.

"எழுத்தைப் பாத்தா உன் முகம் கலங்குது. முகத்தைப் பாத்தா எழுத்து கலங்குது. ரெண்டுல ஒண்ணுதான்னா நான் எதை வெச்சுக்கறது? நீ பாடுபட்டு செஞ்சதாச்சேன்னுதான் சொல்லலை."

"கலங்கவே கலங்காது. நூறு தடவை டெஸ்ட் பண்ணியாச்சு."

"எங்கே?"

"ஆபீஸ் ஜன்னல்ல நின்னு. எதிர் மாடில ஒரு தண்ணித் தொட்டி இருக்கு. அதைப் பாத்தா, எழுத்து கல்லுல வெட்டினாப்ல நிக்கும்."

அவன் ரொட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டான். "தண்ணித் தொட்டிகூட எனக்கு என்னம்மா பேச்சு?"

சிரிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் வெடுக்கென்று கண்ணாடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டாள். "எங்கே, பேசு."

"என்னத்தைப் பேசறது? காபி ஆறிப்போச்சு."

மேஜைக்கு அந்தப் பக்கம் அவன் தெளிவாக இருந்தான். மோவாயில் சவரக்கத்தி விட்டுவைத்த இரண்டு முடிகள்கூடத் தெரிந்தன. எழுத்தோ, நனைந்த காகிதத்தில் மை ஊறின மாதிரி ஒரு தீற்றல். அதை வாசிக்கக் கண்ணை இழுத்துப் பிடித்தாள். 'காபி ஆறிப்போச்சு' துல்லியமாக வந்து நின்றது. புருஷனைக் காணோம். அவன் இருந்த இடத்தில் ஒரு மங்கலான திட்டு.

எழுத்தை எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வை என்பது அவள் படித்த முதல் பாடம். விமானம் ஓட்டுகிறவர்களுக்காக ஏற்பட்ட பாடம் அது. அவர்கள் பார்ப்பதெல்லாம் தூரத்தை. அவளும் அப்படியே வைத்தாள். சோதனைக் காமிராவையும் தூரத்துக்கே திருகி வைத்தாள். சட்டைக்கு அளவெடுக்கும்போது மூக்குக்கு நேரே நின்று வளவளக்கும் வாடிக்கையாளரையோ, ஒரு மேஜை அகலத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியையோ அவள் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஆபீஸில் அவள் முதலில் போய் நின்றது அரைமில்லியிடம். கண்ணாடியின் கூட்டைச் செய்கிறவர் அவர். யார் எது கேட்டாலும் "அரை மில்லிகூடக் குடுக்க முடியாது" என்று சொல்லிச் சொல்லியே பெற்றோர் வைத்த பெயரை இழந்தவர்.

"திரையை லென்ஸ் பக்கம் கொஞ்சம் தள்ளினா, எழுத்து எண்பது சென்டிமீட்டர், ஒரு மேஜை தூரத்துக்கு வந்துடும். எனக்கு அரை மில்லிமீட்டர் வேணும்."

"இன்னிக்கு? ரெண்டு மணிக்கு அனுப்பணும்னு வெச்சுக்கிட்டு? மனசாட்சியே கிடையாதா மேடம்?"

"அரை மில்லிதான் சார்."

"அதைத்தான் குடுக்க மாட்டேன்னு ஊருக்கே தெரியுமே! சரி, கிட்ட வந்தா தூரத்துல மங்குமே?"

"மங்கும். கொஞ்சம்."

அவர் கூட்டைப் பிரித்தார், மூடினார், மறுபடி பிரித்தார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "லென்ஸுக்கும் திரைக்கும் நடுவுல கொஞ்சம் இடம் பதுக்கி வெச்சிருந்தேன். யாராவது என் கழுத்தைப் பிடிக்கறப்ப குடுக்கலாம்னு. வெளியில சொல்லிடாதீங்க, அப்புறம் எல்லாரும் கேப்பாங்க."

தலைவியின் அறையில் சிரிப்பு இல்லை.

"தூரத்தை முடிவு பண்ணினது யாரு?"

எல்லாரும் சேர்ந்துதான் என்று சொல்லியிருக்கலாம். வரைபடத்தில் கையெழுத்துகளும் ஆறு இருந்தன. "நான்தான்" என்றாள். "தண்ணித் தொட்டியைப் பாத்தே மூணு வருஷம் ஓட்டிட்டேன்."

"இப்ப சொல்ற எண்பது மட்டும் சரின்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்லை. சாயங்காலம் தெரிஞ்சிடும்."

தலைவி பேனா மூடியைத் திருகித் திருகி எடுத்தார். "நாளைக்குக் காலையில பத்து மணி. அதுக்கு மேல என்னால தாக்குப் பிடிக்க முடியாது. படிக்க முடியலைன்னா பழைய வரைபடமே போயிடும்."

வெயில் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே அவன் கடையைச் சாத்திவிட்டு மேலே வந்தான். அவள் திரையைத் தள்ளி வைத்த கண்ணாடியை அவனுக்கு மாட்டிவிட்டு, அவனுடைய டேப்பையே எடுத்து, அவன் மூக்குத் தண்டிலிருந்து தன் மூக்குத் தண்டு வரை பிடித்தாள். எண்பது.

"அளவெடுக்கறது என் பொழப்பு. அதுலயும் மண்ணைப் போடறியா?"

"அசையாம உக்காரு."

இருபது வாக்கியங்கள் அச்சடித்து வந்திருந்தாள். முதலாவதை வாசித்தாள். "இன்று வானம் தெளிவாக இருக்கிறது."

"வந்துடுச்சு. ஆனா ஏன் ரேடியோல செய்தி வாசிக்கற மாதிரி பேசறே?"

அவள் காகிதத்தை இறக்கினாள். இந்த மூன்று வருடமும் இவனிடம் இப்படித்தானே பேசியிருக்கிறாள்? முகத்துக்கு நேரே திரும்பி, வாயை முழுசாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து. மென்றுகொண்டே பேசியது, அடுப்பைப் பார்த்தபடி முணுமுணுத்தது, பாதியில் விழுங்கியது, அவனைத் திட்டுவதற்கென்றே வாய்க்குள் போட்டுக்கொண்டது எல்லாம் எப்போது நின்றது என்றே அவளுக்கு ஞாபகமில்லை.

ஒரு துண்டு ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டாள். குனிந்து, உதட்டைக் கையால் மறைத்தபடி, யாருக்கும் சொல்லாத மாதிரி, அரைமில்லி இடம் பதுக்கிய கதையை முணுமுணுத்தாள். சீட்டாட்டத்தில் துருப்பை ஒளித்து வைக்கிற ஆள் மாதிரி அவர் கதவைப் பார்த்ததையும் சேர்த்து.

சொல்லி முடித்தாள். மெல்லுவதை நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் அவன் சிரித்தான். தோள் குலுங்க, மேஜையில் கரண்டி நடுங்க.

அவள் நிமிர்ந்தாள். அவன் பார்வை நேராக அவள் முகத்தில் இருந்தது. அந்த வலது விழியின் கருமையில், அவளால் வாசிக்க முடியாத அளவுக்குப் பொடியாக, அவள் பேசிய வார்த்தைகள் வரிசையாக மினுங்கிக்கொண்டிருந்தன.

"ம்" என்றான் அவன். "கதவைப் பாத்தாரா, அப்புறம்?"

வாயிலிருந்ததை விழுங்காமலே அவள் மேலே சொல்ல ஆரம்பித்தாள்; அந்தக் கருமையில் ஒரு புது வரி ஏறி வந்தது.