கேத்கர் வீட்டுப் பிரஸ்தானம்

ஏப்ரல் மாதம் வந்தால் என் அலமாரியின் மேல்தட்டு பக்கத்து வீட்டுக் கேத்கர் குடும்பத்துக்குச் சொந்தம். பதினோரு வருஷமாக இப்படித்தான். கிளம்பும் நாள் பஞ்சாங்கத்தில் சரியில்லை என்றால், அதற்கு முந்தின நல்ல வேளையில் துணி, அரிசி, பாக்கு வைத்து மூட்டை கட்டி அடுத்த வீட்டில் வைப்போம். அதுதான் பிரஸ்தானம். வைத்ததுமே புறப்பட்டாயிற்று என்று அர்த்தம். மூன்று நாளுக்குள் மூட்டையை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே போய்விட வேண்டும். மூட்டை வீட்டுக்குத் திரும்பினால் பிரஸ்தானம் போச்சு.

அச்யுத் கேத்கரின் மூட்டை பதினோரு முறையும் வீட்டுக்கே திரும்பியது.

மனிதர் சோம்பேறி இல்லை. கொங்கண் கரையில் எந்தக் கோட்டைக்கு எத்தனை படி, ஆம்போலி காட்டுப் பாதையில் பஸ் எங்கே டீக்கு நிற்கும், எந்த ஊரில் யார் வீட்டில் மீன் நன்றாக வறுப்பார்கள், எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். புனேயைத் தாண்டியதில்லை, அவ்வளவுதான். ஒரு வருஷம் வெயில், ஒரு வருஷம் மழை. கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து குடல் வற்றிச் செத்ததாம் கொக்கு. எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல் வரும்.

அவர் மனைவி சுலபா கேட்டது ஒரே இடம், விஜயதுர்க் கோட்டை. மேலே ஏறிக் கடலைப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார், மழைக்காலத்தில் ஆபரேஷன், அதன்பிறகு கோட்டைப் படி கிடையாது என்று.

செவ்வாய் மாலை மூட்டை வந்தது. இம்முறை நோட்டையும் உள்ளே வைத்துக் கட்டியிருந்தார். புதன்கிழமை என் வீட்டில் டீ குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஆம்போலில மழையாம். அட்டை வந்துடும். தீபாவளி கழிச்சுப் போனா பச்சைப்பசேல்னு இருக்கும்."

"அஹோ, நான் காட்டையா கேட்டேன்?" என்றாள் சுலபா. "கோட்டைல அட்டை ஏறாது."

"ரூட்டுன்னா முழுசா இருக்கணும் சுலபா. பாதில வெட்டினா அது ரூட்டா?"

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

வியாழன் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டினாள். கையில் சின்னப் பை. மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். தன் புடவையையும் நோட்டையும் பையில் வைத்துக்கொண்டாள். அரிசியை இரண்டாகப் பிரித்தாள். பாக்கு இரண்டு இருந்தது, ஒன்றை எடுத்துக்கொண்டாள். மீதியை அவருடைய துண்டில் முடிந்து மறுபடி மேல்தட்டில் வைத்தாள்.

"அவர்கிட்ட என்னடி சொல்ல?"

"நான் செவ்வாய்க்கிழமையே கிளம்பியாச்சுக்கா. அவரும்தான். அவர் பங்கு இங்கதான் இருக்கு, நாளைக்கு சாயங்காலம் வரை செல்லும்னு சொல்லுங்க."

எட்டு மணிக்கு அவர் வந்தார். சொன்னேன். மேல்தட்டில் இருந்த துண்டு முடிச்சை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏழு மணி பஸ்ல போயிருப்பா. கொல்ஹாப்பூர்ல சாப்பாட்டுக்கு நிக்கும்," என்றார். பிறகு, "கண்ணாடிய எடுத்துட்டு வந்துடறேன்."

"வீட்டுக்குப் போனா நீங்க திரும்ப மாட்டீங்க, பாவ்ஜி," என்றேன்.

"கண்ணாடி இல்லாம எப்படி?"

போனவர் அன்று முழுக்க வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என் போன் அடித்தது. வாசலில் காத்திருந்தவர் போல கேத்கர் உடனே வந்துவிட்டார்.

"ஏறிட்டேன் அக்கா!" காற்று இரைந்ததில் கத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

"எத்தனை படின்னு கேளுங்க," என்றார் கேத்கர்.

"எண்ணலையே. நோட்டுல இருக்கும், பாத்துச் சொல்லவா?"

போனை நீட்டினேன். வாங்கவில்லை. காதை மட்டும் கிட்டே கொண்டுவந்து, அந்தப் பக்கம் கடல் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் துண்டை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"இது இன்னும் வீட்டுக்குத் திரும்பல. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு, பாவ்ஜி. கிளம்புங்க."

முடிச்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த வருஷம் ரெண்டு பேருமா..."

"அடுத்த வருஷம் அவளால ஏற முடியாது."

"ஏற வேண்டாமே," என்றார். "அவதான் ஏறிட்டாளே."