அம்பை மறைத்த அடுக்கு

திரையின் பின்னணியைக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாற்றியதும் சிவப்பு அம்புகள் காணாமல் போயின. செயல்விளக்கக் குறிப்பு ஒன்றை அச்செடுக்க வேண்டியிருந்தது, வெள்ளையாக இருந்தால் மை மிச்சமாகும் என்றுதான் மாற்றினேன். ஒரு நிமிடம் முன்பு பதினொரு அம்புகள் இருந்த இடத்தில் வெளிர்நீலப் பட்டை ஒன்று, துவைத்து விரித்த துண்டு மாதிரி கிடந்தது. மறுபடி கறுப்பாக்கினேன், அம்புகள் இருந்தன. மறுபடி வெள்ளை, ஒன்றுகூட இல்லை.

பங்குச் சந்தையில் விலை ஏறி இறங்குவதை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அந்தப் படத்தின் மேல் வேண்டிய அடையாளங்களை வரைந்து காட்டும் சிறு நிரல்களை எழுதுவது என் தொழில். ஊடுருவித் தெரியும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போன்ற வேலைதான். அடியில் விலை, அதன்மேல் வேளையைப் பிரித்துக் காட்டும் நிறப்பட்டை, எல்லாவற்றுக்கும் மேலே, ‘இங்கே நில்’ என்று எச்சரிக்கும் சிவப்பு அம்பு. எது மேலே எது கீழே என்று ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். வெள்ளைத் திரை வைத்திருப்பவர்களுக்காகப் பின்னால் சேர்த்த பட்டைக்கு, அம்பைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்திருந்தேன். பட்டை அம்பின்மேல் ஏறிப் படுத்துவிட்டது. நான் கறுப்பிலேயே வேலை செய்கிறவன். வெள்ளையில் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

திருத்த நான்கு விநாடி ஆனது. புதிய பதிப்பு எல்லோருடைய கணினிக்கும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். அதோடு போகும் குறிப்பில் ‘சில சிறு மேம்பாடுகள்’ என்று எழுதினேன். எழுதும்போதே ஒரு வாடிக்கையாளரின் ஞாபகம் வந்தது.

வாடிக்கையாளர்களின் தொலைபேசியை என் மனைவிதான் எடுப்பாள். இரண்டு மாதமாக ஒருவர் மூன்று முறை கூப்பிட்டிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மாலை வரை ஓய்வு, அப்போது பங்கு விலைப் படம் பார்க்கிறவர். அவருடைய மச்சானும் இதே நிரலை வைத்திருந்தார். மச்சானுக்குத் தெரியும் சிவப்பு அம்பு தனக்கு மட்டும் தெரியவில்லை என்பதுதான் அவர் குறை. தன் திரை வெள்ளை என்றும் சொல்லியிருந்தார். “கறுப்புல பாத்தா ராத்திரில வண்டி ஓட்டற மாதிரி இருக்கும்மா” என்றாராம். நான் என் கறுப்புத் திரையைப் படம் பிடித்து, அம்பு இருக்கிறதே என்று அனுப்பிவைத்தேன். மூன்றாவது முறை அவள் வந்து கேட்டபோது எனக்கு எரிச்சல்.

“சிவப்பே தெரியலேன்னா கண் டாக்டரைப் பாக்கச் சொல்லு. நான் என்ன மருந்து விக்கறனா?”

அவள் அதை அப்படியே சொல்லவில்லை. “எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்காம்ணே. எதுக்கும் கண்ணையும் ஒரு தடவ காட்டிடுங்க. வண்டி ஓட்டறவங்க நீங்க” என்று கனிவாகச் சொன்னாள்.

திருத்திய மூன்றாம் நாள் அவர் கூப்பிட்டார். அவள் சிரித்த முகத்தோடு ஒலிபெருக்கியில் போட்டு என் மேசைமேல் வைத்தாள்.

“தங்கச்சி, கண்ணு திரும்பிடுச்சும்மா. அம்பெல்லாம் பளிச்சுனு தெரியுது. கடவுள் புண்ணியம். நீ சொல்லலேன்னா நான் டாக்டர்கிட்டயே போயிருக்க மாட்டேன்.”

“டாக்டர் என்ன சொன்னாருண்ணே?”

“எல்லாம் நல்லாருக்குன்னு அனுப்பிட்டாரு. ஆனா மச்சானுக்குத் தெரியற சிவப்பு எனக்குத் தெரியலையே. சிக்னல்ல இப்படி ஆயிட்டா? நாப்பது பிள்ளைங்க பின்னாடி உக்காந்திருக்கு. நானே ஆபீஸ்ல போய் வண்டி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப ஸ்கூல் கேட்ல காவலுக்கு நிக்கறேன்.”

“இப்பத்தான் சரியாயிடுச்சே. திரும்பக் கேளுங்கண்ணே.”

“இல்லம்மா. ஒரு தடவ போன கண்ணு, எப்ப வேணா போகும். வீட்டுலகூட யார்கிட்டயும் சொல்லல, பயந்துடுவாங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா? அவருக்கும் நன்றி சொல்லிடு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொலைபேசிப் பக்கம் குனிந்து, “ரொம்ப சந்தோஷம்ணே” என்றேன். அம்பு தெரியாமல் பங்கில் பட்டிருக்கக்கூடிய நஷ்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினேன். தினமும் ஓடிவரும் வார்த்தைகள் வரவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று அவரிடம் சொன்னவன் நான். தனக்குத் தெரிவது நிஜமா என்று தன்னையே சந்தேகித்து, சாவியைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். எங்கள் இருவரையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருப்பவன் முன்னால் எவ்வளவு நேரம்தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது? எழுந்து சமையலறைக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் அவருக்குப் பொய்தான் சொல்லியிருக்கேன்.”

“நீ இல்ல. நான்.”

“அவர் காதுல விழுந்தது என் குரல்தானே.” கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, “போன்ல சொல்லாதீங்க. நேர்ல போய்க் காட்டுங்க. கண்ணால பாத்தாத்தான் அவருக்குக் கண்ணுமேல நம்பிக்கை வரும்” என்றாள்.

கிளம்புமுன் குறிப்பை மாற்றினேன்: ‘வெள்ளைத் திரையில் எச்சரிக்கை அம்பு மறைந்திருந்தது. தவறு என்னுடையது.’ பழைய பதிப்பையும் கணினியில் ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் பயணம் செய்தேன்.

பள்ளி வாயிலில் காக்கிச் சட்டையோடு நின்றவர் நான் பேசத் தொடங்கியதுமே, “தங்கச்சி வீட்டுக்காரரா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். நிழலுக்காக, நிறுத்தியிருந்த பேருந்தின் படியில் உட்கார்ந்தோம். திரையில் வெயில் அடித்தது. அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அதற்கு மறைப்புக் கட்டினார். நான் அந்தக் கைகளைப் பார்க்காமல், வெள்ளைத் திரையில் அடுக்கின் எண்ணைப் பழையபடி மாற்றினேன். அம்பு மறைந்தது. மீண்டும் மாற்றினேன். வந்தது.

“உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. நான் அடுக்கினது தப்பு.”

“இன்னொரு தடவ பண்ணுங்க.”

நான்கு தடவை செய்துகாட்டினேன். அவர் கைகளை எடுத்துக்கொண்டார். திரையில் வெயில் நிரம்பியது.

“நான் மூணு தடவ கேட்டேனே தம்பி.”

“கேட்டீங்க.”

“என்னோடது வெள்ளைன்னும் சொன்னேன்.”

“சொன்னீங்க. நான் பாக்கல. பாத்தேன்னு சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட போகச் சொன்னதும் நான்தான், கிண்டலா. அவ அத நல்லவிதமா மாத்திச் சொன்னா. உங்க ஆபீஸுக்கு வந்து நானே சொல்றேண்ணே.”

அவர் எழுந்து, என்னைத் தாண்டிப் படியேறி உள்ளே போனார். அது இப்போது வேறொருவர் ஓட்டும் வண்டி. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாவி இல்லை. சக்கரத்தின் மேல் கைகளை வைத்துக்கொண்டு வெகுநேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே, வண்டியின் பக்கவாட்டில், கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

புதிய ஓட்டுநர் உயரமானவராக இருக்க வேண்டும். வெளிப்புறக் கண்ணாடி மேல்நோக்கித் திரும்பியிருந்தது. ஜன்னல் வழியே கையை நீட்டி, அதைத் தன் உயரத்துக்கு மெல்லத் தாழ்த்தினார்.

“கண்ணாடியில நீங்க நிக்கறீங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க.”

தள்ளி நின்றேன். அவர் விரல் அதை இன்னும் ஒரு நூல் அளவு திருப்பியது. மைதானத்து மண்ணும், மூடிய வாயிற்கதவும், கதவின் அடிக்கம்பியில் ஏறி நின்று வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு சிறுமியும் மட்டுமே அவருக்கு அதில் தெரிந்திருக்கும்.